‘நா’ என்றால் மறுப்பு

சௌந்தரத்துக்கு மாத்திரை வேண்டாமாம். அதைச் சௌந்தரமே சொல்லிவிட்டாளாம். நியூ டவுன் முதியோர் இல்லத்திலிருந்து இப்படி ஒரு குறுஞ்செய்தி வந்தபோது கோவிந்தராஜன் கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டில் தனியாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படித்ததும் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வேண்டாததையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அப்புறம் ஒரு வாரம் முணுமுணுக்கும் ரகம் அவள்.

மத்தியானம் அதே செய்தி மறுபடி வந்தது. ராத்திரியும் வந்தது. மறுநாள் காலை அடித்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

சௌந்தரத்துக்கு உடம்பு பூட்டிக்கொள்ளும் வியாதி. டாக்டர்கள் பார்க்கின்சன் என்பார்கள். வேளாவேளைக்கு மாத்திரை உள்ளே போனால் நடப்பாள், பேசுவாள், காப்பியில் சூடு போதவில்லை என்று குறை சொல்வாள். தவறினால் கழுத்து ஒரு பக்கம், கை ஒரு பக்கமாக விறைத்துக்கொண்டு எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கிடப்பாள். போதாததற்கு ஞாபகமும் கரைந்துகொண்டிருந்தது. கோவிந்தராஜனுக்குக் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்த புதிதில் கூடவே வந்தவள், காய்கறிக்காரர்களோடு சண்டை போட்டே வங்காளி கற்றுக்கொண்டாள். இந்தியும் ஆங்கிலமும் காரியத்துக்குப் போதுமான அளவு வரும். ஞாபகம் போகத் தொடங்கியபோது ஆங்கிலம் முதலில் போனது. பிறகு இந்தி. பிறகு, இத்தனை வருஷம் வாயில் புழங்கிய வங்காளியும் சொல்லிக்கொள்ளாமல் போயிற்று. தமிழ் மட்டும் தங்கியது.

லிஃப்ட் இல்லாத வீட்டின் மாடிப்படியில் அவள் விழுந்து எழுந்த பிறகுதான் கோவிந்தராஜன் இந்த இல்லத்தைத் தேடிப் பிடித்தார். சேர்த்த நாளிலிருந்து தினமும் போய் உட்கார்ந்து, முடிந்த வேளைக்கெல்லாம் தன் கையாலேயே மாத்திரை கொடுத்துவந்தார். அந்தக் கைதான் அதிகாரிகளின் கண்ணில் பட்டுவிட்டது.

எங்கோ ஓர் இல்லத்தில் ஓர் ஆயா ஒருவருடைய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து ஒரு வாரியம் பிறந்தது. நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் தானியங்கி மருந்து வழங்கலுக்கான ஒழுங்குமுறை வாரியம் என்று அதற்குப் பெயர். இதை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர்களைத்தான் உறுப்பினராக்கினார்கள் என்று கேள்வி. மனிதக் கை அளந்து பார்க்க முடியாத கருவி, ஆகவே நம்பத் தகாதது என்றது அதன் முதல் விதி. மருந்தை இயந்திரமே வழங்க வேண்டும் என்றது இரண்டாம் விதி. மூன்றாவதுதான் வாரியத்தின் செல்ல விதி: மருந்துக்கு முன் முதியவரின் சம்மதத்தை அவர் வாயாலேயே கேட்டுப் பெற வேண்டும். பெயர் சொல்லிக் கேட்டதும் வருகிற முதல் பதிலே சம்மதம் அல்லது மறுப்பு.

இயந்திரம் பழகும்வரை இரண்டு நாள் வரவேண்டாம் என்று கோவிந்தராஜனிடம் இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது அந்த இயந்திரம் அறைக்குள் உருண்டு வந்துகொண்டிருந்தது. இடுப்புயரம், வெள்ளை நிறம், திரையில் சிரிக்கிற இரண்டு கண்கள். எழுத்தில் அதன் பெயர் சேவிகா, வங்காளிகளின் வாயில் ஷேபிகா. கட்டிலருகே நின்று, தேன் தடவிய குரலில், நீங்கள்தான் சௌந்தரமா என்று வங்காளியில் கேட்டது.

"ஆப்னி கி ஷொவுந்தொரம்?"

யாரோ தன் பெயரைச் சொல்லிக் கேட்டதில் சௌந்தரத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"நாதான்," என்றாள்.

"உங்கள் விருப்பத்தை மதிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, மாத்திரைத் தட்டைத் திறக்காமலே சேவிகா அடுத்த கட்டிலுக்கு உருண்டது.

கோவிந்தராஜனுக்கு ஒரு நிமிஷம் தலைகால் புரியவில்லை. புரிந்தபோது உட்கார்ந்துவிட்டார். வங்காளியில் நா என்றால் இல்லை, வேண்டாம், மாட்டேன், எல்லாமும்தான். இவள் வேளை தவறாமல் நான்தான் நான்தான் என்று சொல்ல, அது வேளை தவறாமல் வேண்டாம் வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

இல்லத்தின் மேலாளர் சஹானா கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"எனக்குப் புரியுது அங்கிள். ஆன்ட்டி ‘நான்தான்’னு சொல்றாங்க. ஆனா எனக்குப் புரிஞ்சு என்ன? சேவிகாவுக்குத்தான் புரியணும்."

"நீ ஒரு வார்த்தை எழுதிப் போடும்மா, இது இப்படின்னு."

"எழுதினா, மனுஷக் காதால கேட்டதுன்னு போடணும். மனுஷக் காதுக்கு வாரியத்தோட போர்ட்டல்ல இடமே இல்லை அங்கிள்."

"தமிழ்ல கேக்கச் சொல்லலாமில்ல?"

"பெங்காலி, ஹிந்தி, இங்கிலீஷ். டமில் செகண்ட் ஃபேஸ்ல வருதாம்."

ஒரே ஒரு சலுகை இருந்தது. மனிதக் கை விதிவிலக்கு என்று அதற்குப் பெயர். டாக்டர் வீடியோவில் தோன்றி ஒப்புதல் கொடுத்தால், நாளுக்கு ஒரு வேளை மட்டும், கையுறை போட்ட ஆயா கொடுக்கலாம். மூன்று வேளை மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த சௌந்தரம் அன்றிலிருந்து ஒரு வேளையில் ஓட வேண்டியதாயிற்று. காலையில் கொஞ்சம் அசைவாள். மத்தியானத்துக்கு மேல் பூட்டிக்கொள்வாள்.

கோவிந்தராஜன் அவளுக்கு வேறு பதில் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். "ஆமான்னு சொல்லும்மா," என்றார். மறுநாள் அவள் அப்படியே சொன்னாள். சேவிகாவின் காதில் கடைசி எழுத்தான ‘மா’ மட்டும் விழுந்தது. முதியவர் தாயை நினைத்து ஏங்குகிறார் என்று குறித்துக்கொண்டு, மாத்திரைக்குப் பதிலாகத் தாயன்பைப் பற்றி ஒரு வீடியோ போட்டுக் காட்டியது. ஷெஃபாலி என்கிற ஆயா, வங்காளியில் ஆமாம் என்பதற்கான ‘ஹ்யாங்’கை மூக்கைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொடுத்தாள். சௌந்தரமும் அவளோடு சேர்ந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இயந்திரம் வந்து பெயரைக் கேட்டதும் அந்தப் பழைய பதில்தான் முந்திக்கொண்டது. வாழ்நாள் முழுக்க வாசலிலும் போனிலும் சொல்லிப் பழகிய பதில், ஒரு காலையில் போய்விடுமா?

"விட்டுவிடுங்கள் மேஷோமொஷாய்," என்றாள் ஷெஃபாலி. சித்தப்பா, சித்தி என்பதுபோல அவள் இவர்களை மேஷோமொஷாய், மாஷிமா என்றுதான் கூப்பிடுவாள். "மாஷிமா பொய் சொல்லத் தெரியாத மனுஷி. கேட்டால் நான்தான் என்கிறாள். அதில் என்ன தப்பு?"

தப்பு எங்கே என்று கேட்கத்தான் கோவிந்தராஜன் வாரியத்துக்குப் போனார். பைபாஸ் ஓரத்துக் கண்ணாடிக் கட்டடம். தலைவர் டாக்டர் படப்யால். அவர் டாக்டரானது மருத்துவத்தில் அல்ல, நிர்வாகவியலில். எழுந்து நின்று கோவிந்தராஜனின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"உங்கள் மனைவியைப் பற்றி எங்களுக்கு மிகவும் பெருமை, கோவிந்தோராஜன் பாபு. இந்த நகரத்தில் இவ்வளவு உறுதியாக மறுத்த முதியவர் வேறு யாரும் கிடையாது. ஆண்டறிக்கையில் பெயர் சொல்லாமல் அவரைக் குறிப்பிட்டிருக்கிறோம். சுயநிர்ணயம் என்கிற அத்தியாயத்தில்."

"அவள் மறுக்கவில்லை சார். எங்கள் பேச்சில் நா என்றால் நான் என்று அர்த்தம்."

"தன்னைத்தானே இல்லை என்று சொல்லிக்கொள்கிற மொழியா?" படப்யால் பக்கத்திலிருந்த உறுப்பினர்களைப் பார்த்தார். "தத்துவமாகப் பார்த்தால் அழகாக இருக்கிறது. நிர்வாகத்துக்கு ஒத்துவராது."

"அவள் உடம்பு விறைத்துப்போகிறது சார். விழுங்க முடியவில்லை."

"வேதனையாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இதுவரை முதியவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா? வாயைத் திற என்றார்கள், மாத்திரையைப் போட்டார்கள். நாங்கள்தான் முதன்முதலாகக் கேட்கிறோம். கேட்பது முதல் கட்டம். அது மிக வெற்றிகரமாக நடக்கிறது. பதிலைப் புரிந்துகொள்வது இரண்டாம் கட்டம். அதற்கு இன்னும் நிதி ஒதுக்கவில்லை."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஆனாலும் படப்யால் ஈரமற்றவர் அல்ல. மொழி உபகுழு ஒன்றை அங்கேயே அமைத்தார். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் வெங்கடநாராயணன் என்பவரை எங்கிருந்தோ தேடிப் பிடித்தார்கள். பேராசிரியர் நல்லவர், அசுத்தத் தமிழ் மட்டும் அவருக்கு ஆகாது. நா என்னும் ஓரெழுத்து ஒருமொழி நாக்கைக் குறிக்கும், தன்மை ஒருமைக்கு நான் என்பதே வடிவம், ஈற்று மெய்யை விழுங்குவது வழு என்று அவர் அழகான கையெழுத்தில் அறிக்கை கொடுத்தார். அதை வங்காளியில் மொழிபெயர்த்து வாசித்த வாரியம் ஒரு முடிவுக்கு வந்தது. நீங்கள் யார் என்று கேட்டால் இந்த முதியவர் ‘நாக்குதான்’ என்று பதில் சொல்கிறார். ஆகவே நாக்கில் ஏதோ கோளாறு.

காது மூக்கு தொண்டை நிபுணர் வந்தார். விளக்கைப் பிடித்துப் பார்த்தார், கரண்டியால் அழுத்திப் பார்த்தார். நாக்கு நலமாக உள்ளது என்று சான்றிதழ் கொடுத்தார். அன்று மத்தியானம் அந்த நலமான நாக்கை அசைத்துத் தண்ணீர் கேட்கச் சௌந்தரத்தால் முடியவில்லை. கோவிந்தராஜன்தான் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

எப்படியோ போகட்டும், வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று அப்போது முடிவு செய்தார். மாடி ஏற்றுவதற்கு ஆள் சொல்லியாயிற்று. கீழ்வீட்டு தீதி சமையல் என் பொறுப்பு என்றாள். ஆனால் இல்லத்தைவிட்டுப் போவதற்கும் முதியவரின் வாய்ச் சம்மதம் வேண்டும். அதைக் கேட்பதும் சேவிகாதான். இவருடன் வீட்டுக்குப் போகச் சம்மதமா என்று அது வங்காளியில் கேட்டது. கோவிந்தராஜன் குனிந்து மனைவியின் காதில் கேட்டார்.

"வீட்டுக்குப் போலாமா சௌந்தரம்?"

அன்றைக்கு அவளுக்கு நல்ல காலை. சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நா வரேங்க," என்றாள். அவர் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில் இன்னும் சத்தமாக, "நா வரேன். நா வரேன்," என்றாள்.

சேவிகாவின் கண்கள் சிவப்பாக மாறின. மூன்று முறை அடுத்தடுத்து வந்ததால் அது அழுத்தமான மறுப்பாகப் பதிவாயிற்று. வீட்டுக்கு அழைத்ததும் ஒரு முதியவர் இப்படி அலறுகிறார் என்றால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று வாரியம் யோசித்தது. யோசித்து, இனி கணவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் மனைவியைப் பார்க்கலாம், மேலே காமிரா இருக்கும் என்று உத்தரவு போட்டது.

கோவிந்தராஜன் அன்று பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதார். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வண்டிக்காக நின்றிருந்தார்கள். வெட்கப்படாமல் அவர்கள் எதிரிலேயே அழுதார். கோபம் வந்தால் யாரையாவது திட்டலாம். எல்லோரும் மரியாதையாகப் பேசும் இடத்தில் யாரைத் திட்டுவது?

மறுநாள் கைக்குட்டையில் ஒரு மாத்திரையை மடித்துக்கொண்டு போனார். பூட்டிக்கிடந்தவளின் வாயைத் துடைப்பதுபோல் மேசைக்கு மேலே குனிந்து உள்ளே தள்ளி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். காத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் பிரிந்தன, கழுத்து நிமிர்ந்தது. சௌந்தரம் அவரை நன்றாகப் பார்த்தாள்.

"ஏன் இப்படி இளைச்சுட்டீங்க? சாப்பிடறீங்களா இல்லையா?" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்காக அவர் ஜெயிலுக்கும் போயிருப்பார். ஜெயிலுக்கு அனுப்ப வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. காமிராவில் பார்த்துவிட்டு நோட்டீஸ்தான் அனுப்பியது. வாரியத்தின் விதிகளில் மருந்து கொடுக்கும் எதுவும் கருவிதான். அதனால் நோட்டீஸ் இப்படி ஆரம்பித்தது: "கோவிந்தராஜன் எனப்படும், உரிமம் பெறாத, சக்கரமற்ற மருந்து வழங்கற் கருவி இல்ல வளாகத்தில் இயங்குவது கண்டறியப்பட்டுள்ளது." கருவியை உடனே அப்புறப்படுத்த வேண்டும். அல்லது பரிசோதனைக்கு உட்படுத்தி உரிமம் பெற வேண்டும்.

சஹானா அதைப் படித்துவிட்டுத் துள்ளினாள். "அங்கிள், இது நல்ல சான்ஸ்! லைசன்ஸ் வந்துட்டா நீங்களே மூணு வேளையும் குடுக்கலாம். கருவிக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"நான் எப்படிம்மா கருவியா ஆவேன்?"

"ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டா ஆயிடுவீங்க."

ஆனார். வாரியத்தின் பொறியாளர்கள் இரண்டு பேர் வந்து இல்லத்துக் கூடத்திலேயே அவரைப் பரிசோதித்தார்கள். எடை பார்த்தார்கள். சரிவான பலகையில் நிற்கவைத்துச் சாய்கிறாரா என்று கவனித்தார்கள். அவர் இருமியபோது ஓசை அளவைக் குறித்துக்கொண்டார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எத்தனை மணி நேரம் இயங்குவீர்கள் என்று கேட்டார்கள். ஸ்பிரிட்டால் துடைத்து, நிறம் மங்குகிறதா என்று பார்த்தார்கள். மாத்திரைகளைச் சரியான கிண்ணத்தில் போடச் சொன்னபோது ஒன்றுகூடத் தவறவில்லை. வீட்டில் இரவெல்லாம் துவரம்பருப்பை வைத்துப் பழகியிருந்தார். மூத்த பொறியாளர் சேவிகாவைவிட இது தேவலை என்று தன் சகாவிடம் முணுமுணுத்தார்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது. இரண்டு முதியவர்களுக்கு ஒரே நேரத்தில் மருந்து வேளை வருகிறது. அதில் ஒருவர் உங்கள் மனைவி. யாருக்கு முதலில் கொடுப்பீர்கள்?

கட்டில் எண் எது சிறியதோ அவருக்கு என்று சொல்லச் சொல்லிச் சஹானா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கோவிந்தராஜனும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் சௌந்தரம் தெரிந்தாள். தலை தோளில் சாய்ந்திருந்தது. வாயோரம் வழிந்ததை யாரும் துடைத்திருக்கவில்லை.

"அவளுக்குத்தான்," என்றார்.

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்," என்றார் மூத்த பொறியாளர். அவருக்கே மனசு கேட்கவில்லை.

"என்ன யோசித்தாலும் அவளுக்குத்தான் சார்."

கருவியின் செயல்திறன் திருப்தி, ஆனால் ஒரே பயனாளியிடம் பாரபட்சம் காட்டுகிறது, இந்தக் குறை பிறவிக் குறையா என்று தயாரிப்பாளர்களிடம் விளக்கம் கேட்கவும் என்று அறிக்கை போயிற்று. தயாரிப்பாளர்கள் இருவரும் மன்னார்குடியில் எப்போதோ காலமாகிவிட்டபடியால் கோப்பு மூடப்பட்டது.

மழைக்காலம் போயிற்று. துர்கா பூஜைக்குப் பந்தல்கள் எழும்பின, பிறகு பிரித்து மூங்கிலை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வேளை மாத்திரையில் சௌந்தரம் எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஆனால் ஒவ்வொரு தடவை பூட்டித் திறந்தபோதும் அவளில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது. முதலில் கீழ்வீட்டு தீதியை மறந்தாள். பிறகு லேக் கார்டன்ஸை மறந்தாள். கோவிந்தராஜனை ஒருநாள் டாக்டர் என்றாள், ஒருநாள் பால்காரர் என்றாள். அவர் இரண்டுக்கும் சரி என்றார். வாரியத்துக்கு மட்டும் மனுப் போடுவதை விடவில்லை.

குளிர் தொடங்கியபோது நிதி ஒதுக்கிவிட்டார்கள். சேவிகா தமிழ் கற்றுக்கொண்டுவிட்டது. அதுவும் பேச்சுத் தமிழ் உட்பட. இந்தியாவிலேயே முதல்முறை என்று துணிப் பதாகை கட்டினார்கள். தொடக்க விழா சௌந்தரத்தின் கட்டிலருகில்தான். சேவிகாவுக்கு மாலை போட்டிருந்தார்கள். விழாவில் அவள் பேச வேண்டுமே என்று அன்று காலை விதிவிலக்கு மாத்திரையைச் சீக்கிரமே கொடுத்து, தலைவாரி, பட்டுப் புடவை சுற்றி, சாய்வாக உட்காரவைத்திருந்தாள் ஷெஃபாலி. மேசை உத்தரவை ஒருநாள் தளர்த்தி, கோவிந்தராஜனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க அனுமதித்தார்கள்.

"ஒரு தனிமனிதரின் குரலுக்காக ஒரு முழு அமைப்பே காது கொடுத்திருக்கிறது," என்று படப்யால் பேசினார். "தாமதம் என்பார்கள். நாங்கள் அதைக் கவனம் என்போம். அவசரப்பட்டிருந்தால் மாத்திரையை மட்டும்தான் கொடுத்திருப்போம். இன்று அவருக்கு அவருடைய மொழியையே கொடுத்திருக்கிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கோவிந்தராஜனும் தட்டினார். இனி மூன்று வேளையும் கிடைத்துவிடும். கிடைத்தால் ஒருவேளை போனதில் கொஞ்சம் திரும்பி வரும். அவருக்கு இப்போது பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. அந்தத் தட்டு திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

சேவிகா கட்டிலருகே உருண்டு வந்தது. திரையில் கண்கள் சிரித்தன. நல்ல தமிழில், கொஞ்சம் ரேடியோ வாசனையோடு கேட்டது.

"வணக்கம். நீங்கள்தான் சௌந்தரமா?"

சௌந்தரம் அதை ஏற இறங்கப் பார்த்தாள். கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தாள். யாரோ முக்கியமானவர்கள் வீடு தேடி வந்திருக்கிறார்கள் என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது.

"இல்லையே," என்றாள் பதமாக. "அவ கடைக்குப் போயிருக்கா."

"உங்கள் விருப்பத்தை மதிக்கிறேன்," என்றது சேவிகா.

 படப்யால் கோவிந்தராஜன் பக்கம் குனிந்தார். அவர் குரலில் உண்மையான ஆர்வம் இருந்தது.

"கோவிந்தோராஜன் பாபு, நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த முறை சரியாகப் புரிந்துகொண்டதா?"

கதவோரம் நின்ற சஹானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லையென்று சொல்லுங்கள் என்பதுபோல் தலையை ஆட்டினாள். கோவிந்தராஜன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இத்தனை மாதமும் தப்பு தப்பு என்று வாதாடிய வாயால் இப்போது தப்பு என்று சொல்ல வரவில்லை.

"சரியாகத்தான் புரிந்துகொண்டது சார்," என்றார்.

கைதட்டல் மறுபடி எழுந்தது. மாலையோடு சேவிகா அடுத்த கட்டிலுக்கு உருண்டது. கூட்டமும் பின்னாலேயே போயிற்று. நின்றுகொண்டிருந்த வயசாளியைப் பார்த்துச் சௌந்தரத்துக்குப் பாவமாக இருந்தது. கட்டிலின் ஓரத்தை மெதுவாகத் தட்டிக் காட்டினாள்.

"நீங்க உக்காருங்க. அவ வந்ததும் சொல்றேன்."

கோவிந்தராஜன் உட்கார்ந்தார்.